சூரியனுக்குத் தெரியாத ஒரு மணி நேரம்

எங்கள் வீட்டுக்காரர் நஞ்சுண்டனைப் போல நேரத்தைப் பற்றிப் பேசுகிற ஆளும் கிடையாது, அவரைப் போல எந்த இடத்துக்கும் நேரத்துக்குப் போய்ச் சேராத ஆளும் கிடையாது. அமெரிக்காவில் நாங்கள் இருக்கிற பிளசன்டனில் எங்களைத் தெரிந்தவர்கள் ஆறு மணி விருந்துக்கு எங்களை மட்டும் ஐந்து மணிக்கு வரச் சொல்வார்கள். அது எனக்குத் தெரியும். அவருக்கு இன்று வரை தெரியாது.

கோபிச்செட்டிபாளையத்துக்காரர். மில்பிடாஸில் கம்ப்யூட்டர் டிஸ்க் செய்கிற கம்பெனியில் டெஸ்டிங் வேலை. அந்த வேலையைப் பற்றி வீட்டில் வாய் திறக்கமாட்டார். சனிக்கிழமை வந்தால் போதும், அந்தக் காலத்து ஆட்கள் கடிகாரம் இல்லாமல் எப்படிப் பொழுதை அளந்தார்கள் என்று ஆரம்பித்துவிடுவார். ஒரு நாளுக்கு அறுபது நாழிகையாம். அடியில் ஊசித் துளை போட்ட செம்புக் கிண்ணத்தைத் தண்ணீரில் மிதக்கவிட்டால், அது நிரம்பி முங்குகிற நேரம் ஒரு நாழிகையாம். அரண்மனையில் இதை எண்ணுவதற்கென்றே ஆள் ராப்பகலாக உட்கார்ந்திருப்பானாம்.

"அந்தாளுக்குச் சம்சாரம் இருந்திருக்கமாட்டா" என்பேன். சிரிப்பார். சிரித்துக்கொண்டே என் அம்மா கொடுத்த செம்புக் கிண்ணத்தில் டிரில் போட்டுவிட்டார். துளை பெரிதாகிப் போய், கிண்ணம் வைத்த மாத்திரத்தில் முங்கியது. நான் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

பிறகு நிழலுக்கு மாறினார். பின்பக்கப் புல்வெளி நடுவில் ஒரு கம்பை நட்டு, சுற்றிலும் வெள்ளைக் கூழாங்கல் பதித்தார். காலையில் நீளமாகக் கிடக்கிற நிழல் சுருங்கிக்கொண்டே வந்து, வடக்கே பார்த்துக் குட்டையாக நிற்கும்போது உச்சிப்பொழுது. குளிர்காலத்தில் கம்பும் சமையலறைக் கடிகாரமும் ஏறக்குறைய ஒத்துப்போகும். கோடை வெளிச்சத்தை மிச்சம் பிடிக்க ஏப்ரலில் இங்கே ஊரே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கும் இல்லையா, டேலைட் சேவிங் என்று சொல்லி, அதற்குப் பிறகு உச்சிப்பொழுது வர ஒரு மணிக்கு மேல் ஆகிவிடும்.

"உங்க கம்பும் உங்கள மாதிரியே லேட்டுங்க" என்பேன்.

"கம்பு சரியாத்தான் இருக்குது புள்ள. சூரியனுக்கு டேலைட் சேவிங் தெரியாது."

ஒவ்வொரு கோடையிலும் எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு நடந்தது.

நாழிகைக் கணக்கு அவரை ஜாதகத்தில் கொண்டுபோய் விட்டது. ஊரிலிருந்து பஞ்சாங்கங்களை வரவழைத்து, பிறந்த நேரத்தை வைத்துக் கட்டம் போடக் கற்றுக்கொண்டார். காசு எதுவும் வாங்கமாட்டார். ஒரு காபி கொடுத்தால் போதும். அப்படித்தான் குமாரசாமி அண்ணன் மகள் ஓவியாவின் ஜாதகம் எங்கள் வீட்டுக்கு வந்தது.

குமாரசாமி அண்ணன் எங்கள் பழைய சிநேகிதர். ஓவியா நியூ ஜெர்சியில் ஆடி மாதத்தில் பிறந்தவள், இங்கே வந்து வளர்ந்தவள், பக்கத்து ஊர் டப்ளினில் பள்ளிக்கூட டீச்சர். தமிழ் புரியும், பாதிக்கு இங்கிலீஷில் பதில் சொல்வாள். எங்கள் வீட்டுப் பொங்கல் சாப்பாட்டில்தான் அவள் இனியனைப் பார்த்தாள். இனியன் உடுமலைப் பையன், என் வீட்டுக்காரர் கம்பெனியில் புதிதாக வந்து சேர்ந்தவன். அவனுக்கு ஃப்ரீவேயில் கார் ஓட்டப் பயம். அவள்தான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள். கார் ஓட்டக் கற்றுக்கொண்ட பிறகும் சொல்லிக்கொடுப்பது நிற்கவில்லை. எங்கள் எல்லாருக்கும் சந்தோஷம்தான்.

இனியனின் அம்மா உடுமலையிலிருந்து போனில் என்னிடமே பேசினார். "புள்ளைக்குப் புடிச்சுப்போச்சு, நாம என்னுங்க சொல்றது. ஜாதகம் மட்டும் ஒருக்கா பாத்துப்போடலாமுங்க."

ஓவியாவுக்கு ஜாதகமே எழுதியிருக்கவில்லை. நஞ்சுண்டன் எழுதினால் உடுமலையில் நம்புவார்கள் என்று குமாரசாமி அண்ணன் பிறப்புச் சான்றிதழோடு வந்தார். அதில் இருந்த நேரத்தோடு பத்தரை மணி கூட்டி இந்திய நேரமாக்கி, இவர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். கொஞ்ச நேரத்தில் கையைத் தாடையில் வைத்துக்கொண்டார்.

"ஆயில்யமா வருது வல்லி. பூசம் இப்பத்தான் முடிஞ்சிருக்குது. ஓரத்துல நிக்கிது."

ஆயில்யத்தில் பிறந்த மருமகள் வந்தால் மாமியார் உயிருக்கு ஆகாது என்று நம்புகிற குடும்பம் இனியனுடையது.

"ஓரந்தானே? பூசம்னு எழுதிக் குடுத்துருங்க. எவன் வந்து பாக்கப் போறான்?"

"சூரியன் சந்திரன் விசயத்துல நான் பொய் சொல்லமாட்டேன்."

பெரிய அரிச்சந்திரன். ஆயில்யம் என்றே எழுதிக் கொடுத்தார். உடுமலையிலிருந்து அப்புறம் எனக்கு போன் வரவில்லை. இனியன் ஒரு நாள் வந்து சோபாவில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். "அம்மா அழறாங்க ஆன்ட்டி" என்றான். கொடுத்த காபி ஆறிப்போனது. வைகாசியில் ஊருக்குப் போய், அம்மா பார்த்த பெண்ணைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு வந்தான். ஓவியா எங்கள் எதிரில் அழவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஜூலை நாலு, இந்த நாட்டுச் சுதந்திர நாள் லீவுக்கு, குமாரசாமி அண்ணன் குடும்பத்தைச் சாப்பிடக் கூப்பிட்டேன். நல்ல வெயில். ஓவியா பின்பக்கம் போய்க் கம்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இவர் விடுவாரா? கூடவே போய் நிழல் கதையை ஆரம்பித்தார். நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன்.

அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "பட் அங்கிள், உங்க ஸ்டிக் நூன்னு காட்டுது. என் வாட்ச்ல ஒன் ஓ க்ளாக் தாண்டிடுச்சே?"

"கம்பு சரிதான் கண்ணு. சூரியனுக்கு டேலைட் சேவிங்..."

பாதியில் நின்றுவிட்டார். அவளையே பார்த்தார். ஆடி மாதம் பிறந்தவள். அவள் பிறந்த ஆஸ்பத்திரிக் கடிகாரமும் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்த கோடைக் கடிகாரம்தானே? பத்தரை மணி கூட்டியது தப்பு, ஒன்பதரைதான் கூட்டியிருக்க வேண்டும். ஊருக்கு போன் பண்ணும்போது இந்த ஒரு மணி நேரத்தை ஒரு தடவைகூட மறக்காத மனுஷன், அந்தப் பெண்ணுடைய வாழ்க்கையில் மறந்துவிட்டார்.

அவர் உள்ளே போய்ப் பஞ்சாங்கத்தை எடுத்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் நான் அடுப்பை அணைத்துவிட்டேன். விருந்தாளிகள் போன பிறகுதான் சொன்னார். ஒரு மணி நேரம் முன்னால் போனால் ஆயில்யம் இல்லை, சுத்தமான பூசம். நான் பொய்யாக எழுதச் சொன்னதுதான் உண்மையாக இருந்திருக்கிறது. அடுப்படியில் நின்று அழுதேன். அந்தப் பஞ்சாங்கத்தைக் குப்பையில் போடலாமா என்றுகூட இருந்தது.

"அவங்ககிட்டச் சொல்லாதீங்க. அவனுக்குக் கல்யாணமே ஆயிப்போச்சு. இப்பச் சொல்லி ஆருக்கு என்ன லாபம்?"

"சொல்லித்தான் ஆவணும் வல்லி. அந்தப் புள்ள தன்னோட நட்சத்திரத்துல ஏதோ கோளாறுன்னு நினைச்சுக்கிட்டிருக்குது."

ஞாயிற்றுக்கிழமை குமாரசாமி அண்ணன் வீட்டுக்குப் போனோம். வாழ்நாளில் முதல் தடவையாகச் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே போய் நின்றார். எதையும் மறைக்காமல் சொன்னார். குமாரசாமி அண்ணன் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

ஓவியா, "ஸோ, நான் பூசம்" என்றாள்.

"ஆமா கண்ணு. உன் மேல எந்தத் தப்பும் இல்ல. எல்லாம் என் தப்பு."

"ஓகே." அவள் இவரை நேராகப் பார்த்தாள். குரல் உயரவே இல்லை. "அங்கிள், நான் ஆயில்யமாவே இருந்திருந்தா? அவங்க அம்மாவ நான் என்ன பண்ணியிருப்பேன்?"

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. எனக்குத் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

காரில் ஏறிச் சாவியைப் போட்டவர் திருகாமலே உட்கார்ந்திருந்தார்.

"அவ கேட்டதுக்கு நான் என்ன சொல்லியிருக்கணும் வல்லி?"

"ஒண்ணும் பண்ணியிருக்கமாட்ட கண்ணுன்னு சொல்லியிருக்கணும்" என்றேன். "இன்னைக்கு இல்லைங்க. ஆயில்யம்னு எழுதுன அன்னைக்கே."

அவர் சாவியைத் திருகினார்.