சீட்டின் மூலையில் ஒரு நீலப் புள்ளி

என் மேசை இழுப்பறையில் ஒரு நீலப் பென்சில் கிடக்கிறது. கட்டைவிரல் நீளம்கூட இல்லை. வீட்டில் யாராவது தூக்கிப் போட்டுவிடுவார்களோ என்று தினம் ஒருமுறை திறந்து பார்ப்பேன். எண்பதை நெருங்கியும் இந்தப் பதற்றம் போகவில்லை. எங்கள் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதியவருடைய பென்சில் அது.

எழுபதுகளின் தொடக்கத்தில் காஞ்சிபுரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நான் இளம் டாக்டர். விடிந்ததுமே வாசலில் வரிசை நிற்கும். சீட்டு எழுதுபவர் பெயர், வயது, தெரு, உபாதை எல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில், "தறியில என்ன இருக்குது?" என்பார். அவரும் நெசவுக் குடும்பம். வரிசை நகராமல் இந்த ஊர்க்கதை எதற்கு என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சில சீட்டுகளின் மூலையில் ஒரு நீலப் புள்ளி வைத்து அனுப்புவார். கேட்டால், "அவங்களை மட்டும் கொஞ்சம் நிறுத்திப் பேசுங்க டாக்டரய்யா" என்பார். வைத்தியம் படித்தது நானா, அவரா?

தூக்கமில்லை, பசியில்லை என்று ஒரு மாதமாக வந்துகொண்டிருந்த நெசவாளர் ஒருவர் ஒருநாள் முகம் தெளிந்து வந்தார். சிரித்தார். என் மருந்து கேட்டுவிட்டது என்று எனக்கு ஒரே பெருமை. சீட்டில் புள்ளி இருந்தது. கண்டுகொள்ளாமல் அனுப்பிவிட்டேன். அடுத்த நிமிடம் சீட்டு எழுதுபவர் உள்ளே ஓடிவந்தார்.

"அனுப்பிட்டீங்களா? பாதிச் சேலையை மச்சான்கிட்ட கொடுத்துட்டேன்னு சிரிச்சிக்கினே சொல்றாருய்யா! எந்த நெசவாளி பாதியில கையை எடுப்பான்?"

பாதியில் கை மாறினால் நெசவே காட்டிக்கொடுத்துவிடும். காய்ச்சலில் கிடந்தாலும் எழுந்து தாங்களே முடிப்பார்கள். எனக்கு அது தெரியாது. "போய் உங்க வேலையைப் பாருங்க" என்று கத்தினேன். அவர் வரிசையை அப்படியே விட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். வெளியே ஜனங்கள் ஒரே கூச்சல். நான் அவர்மேல் புகார் எழுத உட்கார்ந்தேன்.

பாதி எழுதியிருப்பேன். அதற்குள் நெசவாளரையும் அவர் மனைவியையும் கூட்டிவந்து என் முன்னால் நிறுத்தினார். "நேராவே கேளுங்க டாக்டரய்யா."

அந்தக் கேள்வியைக் கேட்க டாக்டர்களுக்கே பயம். கேட்டால் இல்லாத நினைப்பு வந்துவிடும் என்று நம்பிய காலம். நோயாளிக்கோ, வாயைத் திறந்தால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயம். சீட்டு எழுதுபவர் ஏன் வார்த்தையாக எழுதாமல் புள்ளி வைத்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"செத்துப்போயிடலாம்னு தோணுதா?" என்று கேட்டேன். நெசவாளர் என் மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "ஆமாங்க. இத்தினி நாளா யாருமே கேக்கலீங்களே" என்றார். வார்டில் சேர்த்தோம். மனைவி பக்கத்தை விட்டு நகரவில்லை. பல மாதம் வந்துபோய்ப் பிழைத்துக்கொண்டார். புகாரைக் கிழித்துப் போட்டேன். சீட்டு எழுதுபவரிடம் மன்னிப்புக் கேட்கத்தான் வாய் வரவில்லை.

சில வருடங்களில் சீட்டு எழுதுபவர் ஓய்வு பெற்றார். அவர் மனைவி இறந்த வருடம் அது. மாலை மரியாதை எல்லாம் முடிந்தபின் சிரித்தபடி நீலப் பென்சிலை என் கையில் வைத்தார். "இனிமே எனக்கு எதுக்குங்க? நீங்களே வெச்சுக்கோங்க." பூரித்துப்போய்ச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு கிளம்பினேன். பாதி வழியில் பென்சில் நெஞ்சில் குத்தியது. அடப்பாவி, சிரித்துக்கொண்டே கைவேலையைக் கொடுத்துவிடுகிறவர்களுக்குத்தானே அந்த மனுஷன் இத்தனை வருடம் புள்ளி வைத்தார்! ஸ்கூட்டரைத் திருப்பினேன்.

அவர் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. விளக்கேற்றாமல் உட்கார்ந்திருந்தார். "தறியில என்ன இருக்குது?" என்றேன். "ஒண்ணும் இல்லீங்க" என்றார். நேராகவே கேட்டேன். ஆமாம் என்று தலையசைத்தார்.

அவர் மகளை வரவழைத்தேன். அவள் வரும்வரை அவர் கையை விடவில்லை. அன்று கேட்காத மன்னிப்பையும் அங்கேயே கேட்டேன். அவருக்கு வைத்தியம் தொடங்கி, கொஞ்சம் தேறியதும் பென்சிலைத் திருப்பிக் கொடுத்தேன். "சாயந்தரம் என் கிளினிக்ல சீட்டு எழுத ஆள் இல்லை. நீங்கதான் வரணும்."

இப்போது ஆஸ்பத்திரிகளில் இதற்கென்றே கேள்விகளை அச்சடித்து வைத்திருக்கிறார்கள். நல்லதுதான். ஆனாலும் திடீரென்று தெளிந்து சிரிக்கிற முகத்தைக் கண்டால் எனக்கு இன்றும் இருப்புக்கொள்வதில்லை. அவர் பல வருடம் என் கிளினிக்கில் சீட்டு எழுதி, நன்றாக வயதாகி, காய்ச்சலில் படுத்துப் போய்ச் சேர்ந்தார். பென்சிலைக் கொண்டுவந்து கொடுத்தது மகள்தான். நான் அவரிடம் திருப்பிக் கொடுத்தபோது அது ஒரு சாண் நீளம் இருந்தது.