மேனேஜர் பாய் வேண்டாம் என்று சொன்னது

கொடைக்கானலில் மேனேஜர்களுக்குப் பஞ்சமே இல்லை. லாட்ஜுக்கு ஒருவர், ரிசார்ட்டுக்கு இரண்டு பேர், பேங்குக்கு ஒருவர், எஸ்டேட்டுக்கு ஒருவர். ஆனாலும் பஜாரில் நின்று "மேனேஜர் எங்கே?" என்று கேட்டால் ஸ்வெட்டர் கடை ஒலியுல்லாவைத்தான் கைகாட்டுவார்கள். சில்வர் ஓக் ஃபுட்பால் கிளப்பின் மேனேஜர் அவர். மலையிலேயே பெரிய கிளப் சில்வர் ஓக்தான் என்பதை மற்ற கிளப்புகளும் ஒப்புக்கொள்ளும். மற்ற கிளப்புகள் மொத்தம் இரண்டு.

ஒலியுல்லா தன் வாழ்நாளில் ஒரு பந்தைக்கூட உருப்படியாக உதைத்தவர் இல்லை. பிறந்தது பழனியில். பள்ளிக்கூடம் அவருக்கும் அவர் பள்ளிக்கூடத்துக்கும் ஒத்துவராமல் போனதும், மாமாவின் ஸ்வெட்டர் கடையில் நிற்க மலையேறி வந்தார். மாமா தள்ளாத வயதில், "கடையை இனி நீயே பாத்துக்க" என்றார். "எனக்கெதுக்கு மாமா? நான் இப்படியே இருந்துட்டுப் போறேன்" என்றார் ஒலியுல்லா. மாமா இன்னொரு முறை கேட்டார். இவர் இன்னொரு முறை மறுத்தார். மூன்றாவது முறை மாமா சத்தம் போட்டார். "நீங்க இவ்வளவு சொல்றதால" என்று சாவியை வாங்கிக்கொண்டார். அந்தச் சாவி எந்த ஆணியில் தொங்கும், எந்தப் பூட்டுக்கு எது என்பதெல்லாம் அவர் எப்போதோ பார்த்துவைத்திருந்தது வேறு விஷயம்.

கிளப்புக்கு மேனேஜரானதும் அதே வழியில்தான். பழைய மேனேஜர் பிள்ளைகளோடு கோயமுத்தூர் போய்விட்டார். வலையும் பந்தும் போட்டுவைக்க ஒலியுல்லாவின் கடை மாடியில் இடம் இருந்தது. அந்த ஒரே தகுதியில் அவரைக் கேட்டார்கள். "பந்து உருண்டையா இருக்கும்ங்கறதத் தவிர எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா" என்றார். அது சத்தியமான வார்த்தை. இருந்தும் விடாமல் கேட்டார்கள், மூன்றாவது முறை அவரும் மனமிரங்கினார். அன்று ராத்திரி சந்தோஷத்தில் அவருக்குத் தூக்கம் வரவில்லை.

மனிதர் பேராசைக்காரரும் இல்லை, பொய்யரும் இல்லை. வேண்டியதை வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்வது அவருக்குச் சட்டை போடாமல் பஜாருக்குப் போவது மாதிரி. தொழிலும் அவருக்கு அதையேதான் கற்றுக்கொடுத்திருந்தது. கடைக்கு வரும் டூரிஸ்ட் ஸ்வெட்டரைத் தடவிப் பார்த்து, விலை கேட்டு, "வேண்டாம்" என்று நாலு எட்டு நடப்பார். கூப்பிட்டால் திரும்புவார். அப்படித் திரும்பியவர்கள் வாங்கிய ஸ்வெட்டரில்தான் ஒலியுல்லாவின் குடும்பம் நடந்தது. "ரொம்ப நல்லாருக்கே" என்று சிரிக்கிற ஆள்தான் ஒன்றும் வாங்காமல் போவார்.

மேனேஜர் வேலை என்றால் சாமானியப்பட்ட வேலை இல்லை. ஆட்டக்காரர்களில் பாதிப் பேர் ரிசார்ட்டுகளில் வேலை பார்க்கிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை லீவு என்றால் எந்த ரிசார்ட்டும் முகம் சுளிக்கும். ஒலியுல்லா நேரில் போய், கையைக் கட்டிக்கொண்டு, லீவு கிடைக்கும்வரை நிற்பார். மைதானத்துக்குக் கோடு போடச் சுண்ணாம்பு, பள்ளத்தில் உருண்டுபோகும் பந்தை எடுத்துவர ஆள், இடைவேளைக்கு ஆரஞ்சுச் சுளை எல்லாம் அவர் பொறுப்பு. ஆட்ட நுணுக்கம் என்று பார்த்தால், "ஏலே, பந்த அவங்ககிட்ட குடுக்காதீங்கடா" என்பதுதான் பதினெட்டு வருடமாக அவர் சொல்லிவந்தது. யோசித்துப் பார்த்தால் அதில் தப்பு ஒன்றும் இல்லை.

கெட்ட நேரம் இந்த ஐப்பசியில் வந்தது. மலைக் கோப்பை அரையிறுதி, பழனியிலிருந்து ஏறிவந்த அணியோடு. செகண்ட் ஹாஃப் தொடங்கியதும் மூடுபனி இறங்கி, இந்தக் கோலில் நின்றால் அந்தக் கோல் தெரியவில்லை. மூன்று கோல் பின்தங்கியிருந்த நேரத்தில் ஒலியுல்லா ஓர் அதிரடி முடிவெடுத்தார். செல்வமுருகனை வெளியே வரச்சொல்லிக் கத்திவிட்டு முகேஷை உள்ளே அனுப்பினார். முகேஷ் உள்ளே போய்விட்டான். செல்வமுருகன் அந்தக் கோடியில் பனிக்குள் இருந்தான், அவனுக்குக் காதில் விழவில்லை. ரெஃபரிக்கும் ஒன்றும் தெரியவில்லை. கடைசிவரைக்கும் சில்வர் ஓக் பன்னிரண்டு பேரோடு ஆடி, இன்னும் மூன்று கோல் வாங்கித் தோற்றது. பழனிக்காரர்கள் புகார் எதுவும் கொடுக்கவில்லை. போகிறபோது ஒரு டப்பா பஞ்சாமிர்தம் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

ஆட்டம் முடிந்த கையோடு, ஆடியவர்களை மட்டும் நிறுத்தி எடுத்த போட்டோவில் யாரோ தலையை எண்ணிவிட்டார்கள். ஊர் இரண்டு நாள் விழுந்து விழுந்து சிரித்தது. ஒலியுல்லாவுக்கு மானமே போய்விட்டது. கமிட்டியை மாடிக்குக் கூப்பிட்டார்.

"நான் வெலகிக்கறேன்பா. வயசாயிருச்சு. எளவட்டம் யாராச்சும் பாக்கட்டும்" என்றார். சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார். இப்போது யாராவது "என்ன பாய் இப்படிப் பேசுறீங்க" என்று தொடங்கவேண்டும். அதற்கு என்ன பதில் சொல்வது என்பதையும், அதற்கடுத்த பதிலையும் அவர் தயாராக வைத்திருந்தார்.

கிளப்பின் செக்ரட்டரி யோகேஷ். ரிசார்ட் ஒன்றில் ரிசெப்ஷனில் இருக்கிறான், நல்ல பையன், யார் மனதையும் நோகடிக்காதவன். "சரிங்க பாய். நல்ல முடிவு. இவ்வளவு நாள் பாத்ததுக்கு ரொம்ப தேங்க்ஸ்" என்றான். எல்லோரும் கைதட்டினார்கள். ஒலியுல்லா தலை நிமிர்வதற்குள் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. அவர் விலகிய செய்தியை வாட்ஸ்அப்பில் அவருக்கே அனுப்பியிருந்தான்.

வீட்டில் மனைவி ஜஹனாரா இதைக் கேட்டதும் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"வேணாம்னா சொன்னீங்க?"

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"பேச்சுக்குன்னு அந்தப் புள்ளைக்கு எப்படித் தெரியும்? ரிசெப்ஷன்ல இருக்கவன். ரூம் வேணாம்னு சொல்றவங்கள அவன் என்ன கையப் பிடிச்சா இழுக்கறான்?"

ஒலியுல்லாவுக்கு அழுகை வந்தது. ஐம்பத்தெட்டு வயதில் பந்தாட்டக் கிளப்புக்காக அழுவதா என்று குளிக்கப் போனார்.

அடுத்த மேனேஜர் யார் என்பது மறுநாளிலிருந்து ஊர்ப்பேச்சாகிவிட்டது. பேச இடம் வேண்டுமே, எல்லோரும் ஒலியுல்லாவின் கடைக்கே வந்தார்கள். அவருடைய தங்கச்சி மகன் ஃபவாஸ், மொபைல் கடை வைத்திருப்பவன், இந்த மாதிரி விவகாரத்தில் அனுபவசாலி. ஐரோப்பாவில் எந்தக் கிளப்புக்கு யாரை மேனேஜராகப் போடவேண்டும் என்று வருஷா வருஷம் சொல்லிவருகிறான். அவன் சொன்ன ஒருவரைக்கூட அவர்கள் இதுவரை போட்டதில்லை. அவன் கிளப்பின் வாட்ஸ்அப் குரூப்பில் ஓட்டெடுப்பு வைத்தான். விளையாட்டாக யாரோ சேர்த்துவிட்ட, இப்போது வேலையில்லாமல் இருக்கும் ஒரு பிரபல ஜெர்மன் மேனேஜருக்குத்தான் அதிக ஓட்டு விழுந்தது. கமிட்டி அதையும் தட்டிக்கழிக்கவில்லை. சீசன் இல்லாத மாதமாக இருந்தால் ரூம் தந்துவிடலாம் என்றான் யோகேஷ். குளிர் தாங்குவாரா என்று ஒருவர் கேட்க, அவர் ஊரிலும் குளிர்தான் என்று இன்னொருவர் சொன்னார். கடைசியில் அவருடைய போன் நம்பர் யாரிடமும் இல்லாததால் அந்தப் பேச்சு நின்றது.

மிச்சமிருந்தது இரண்டு பேர். ஒருவன் ஃபவாஸ். இன்னொருவர் சோலைமுத்து, தாண்டிக்குடியிலிருந்து காப்பி மூட்டை இறக்கும் ஜீப் டிரைவர். முழங்கால் போகும்வரை சில்வர் ஓக்குக்குக் கோல் பக்கம் தடுத்து ஆடும் பேக்காக இருந்தவர். அவர் காலுக்குக் கீழே போன பந்து உண்டு, அவரைத் தாண்டிப்போன ஆள் கிடையாது என்பார்கள்.

"நீங்க சொல்லுங்க பாய்" என்று எல்லோரும் ஒலியுல்லாவைக் கேட்டார்கள். அவர் நடுநிலை தவறாமல் சொன்னார்.

"ஃபவாஸ் நல்ல பையன். வெள்ளனே மட்டும் எந்திரிக்க மாட்டான். சோலைமுத்து தங்கமான ஆளு. ஜீப்ப விட்டு எறங்க மாட்டாப்ல, அவ்வளவுதான்."

இப்படிச் சொல்லிவிட்டு ஒவ்வொரு முறையும் நிறுத்துவார். அப்படியானால் நீங்களே இருங்கள் என்று ஒரு மனிதனாவது சொல்வதற்கு இடம் விட்டுத்தான் நிறுத்துவார். "கரெக்ட் பாய்" என்று டீயைக் குடித்துவிட்டுப் போவார்கள். இவரும் சிரித்த முகமாகவே கிளாஸ்களை எடுத்துவைப்பார்.

ஜஹனாரா விஷயத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். "ஞாயித்துக்கெழம மீட்டிங்ல ஒரு வேள உங்கள கேப்பாங்க. ஒரே வார்த்த, சரி. வேற ஒண்ணும் பேசாதீங்க. எங்க, சொல்லுங்க பாப்போம். பாய், நீங்களே இருக்கீங்களா?"

"எனக்கெதுக்கு..."

"மறுபடி."

சனிக்கிழமைக்குள் ஓரளவு வந்துவிட்டது. வாடிக்கையாளர்கள் குல்லாய் போட்டுப் பார்க்கும் கண்ணாடி முன் நின்று "சரி" என்று சொல்லிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற திருச்சிக்காரர் தன் தலையிலிருந்த குல்லாயைச் சொல்கிறார் என்று நினைத்து அதை வாங்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாடி நிறைந்துவிட்டது. யோகேஷ் முதலில் ஃபவாஸைக் கேட்டான். ஃபவாஸ், மொபைல் கடைக்கு இரண்டாவது கிளை திறக்கப்போவதால் நிஜமாகவே முடியாது என்று சொல்லி உட்கார்ந்தான். அடுத்து சோலைமுத்து.

"நமக்கெதுக்கு தம்பி" என்றார் சோலைமுத்து. "ஜீப்பு சோலியே தலைக்கு மேல கெடக்கு."

"ஓகே அண்ணே, நோ ப்ராப்ளம்" என்று யோகேஷ் அடுத்த விஷயத்துக்குப் போனான். "அப்ப யாரும் இல்ல. பாய், நீங்களே கன்டின்யூ பண்றீங்களா?"

கேட்டேவிட்டான். சரி என்ற வார்த்தை ஒலியுல்லாவின் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. பனியும் சுண்ணாம்பும் ஆரஞ்சுத் தோலும் தன்னிடமே திரும்பி வரப்போகின்றன, ஒரு வார்த்தைதான் பாக்கி. வாயைத் திறந்தார். திறந்த நேரத்தில் எதிரே உட்கார்ந்திருந்த சோலைமுத்துவைப் பார்த்துத் தொலைத்தார்.

எந்நேரமும் காக்கியில் திரிகிற சோலைமுத்து அன்று இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். தலைமுடியில் தண்ணீர் தொட்டுச் சீவியிருந்தார். ஜீப் வேலை தலைக்கு மேல் கிடப்பவர் எழுந்து போகவில்லை. கைப் பட்டனைக் கழற்றுவதும் போடுவதுமாகத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து, நல்லது நடக்கட்டும் என்பதுபோல் ஒலியுல்லாவைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை ஒரு வாரமாகத் தன் முகத்தில் ஒட்டிக்கொண்டு அலைந்தவர் ஒலியுல்லா. அதற்கு உள்ளே எப்படி வலிக்கும் என்று அந்த அறையில் வேறு யாருக்கும் தெரியாது.

சே, பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தார்.

"யோகேசு, சோலைமுத்துவ இன்னொரு தடவ கேளு."

"அவருதான் வேணாம்னுட்டாரே பாய்."

"கேளுடா."

யோகேஷ் ஒன்றும் புரியாமல் கேட்டான். "அதெல்லாம் சரிப்படாது தம்பி" என்றார் சோலைமுத்து. "பாய் இருக்கும்போது நான் எப்படி?" குரல் இந்த முறை கொஞ்சம் இறங்கியிருந்தது.

"பாத்தீங்களா பாய்" என்றான் யோகேஷ்.

ஒலியுல்லா எழுந்து சோலைமுத்துவின் எதிரில் போய் நின்றார். நாக்கு நுனியில் நின்றதை விழுங்கிக்கொள்ள அவருக்குச் சற்று நேரம் பிடித்தது.

"சோலைமுத்து, இப்ப நான் கேக்கறேன். நீதான் பாக்கணும்."

சோலைமுத்து எழுந்தார். முகம் முழுக்கச் சிவந்திருந்தது. "பாயே இவ்வளவு சொல்றதால..." என்றார். கூட்டம் கைதட்டியது. பையன்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு தோளைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

யோகேஷ் குரூப்புக்குச் செய்தி அடிக்கத் தொடங்கியவன், பாதியில் விரலை நிறுத்தினான். சோலைமுத்துவைப் பார்த்தான். ஒலியுல்லாவைப் பார்த்தான். முகம் மாறி, மெதுவாக அவர் பக்கத்தில் வந்தான்.

"பாய், அன்னைக்கு நீங்க வெலகறேன்னு சொன்னது..."

"வெலகறேன்னுதான்டா சொன்னேன்."

"நெசமாவா பாய்? நான்தான் அவசரப்பட்டுட்டேனோ?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. போய் வேலயப் பாரு."

யோகேஷ் போகவில்லை. வேண்டாம் என்ற சொல்லைக் காதில் எப்படி வாங்கிக்கொள்வது என்று இப்போதுதான் கற்றுக்கொண்டிருந்தான். கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்று, குரலைத் தாழ்த்தி மறுபடி கேட்டான்.

"பாய், சத்தியமாச் சொல்லுங்க. உங்களுக்கு வேணுமா? வேணும்னா இப்பவே பேசிரலாம்."

ஒரு வாரம் முழுக்க அவர் காத்துக்கிடந்தது இதற்குத்தான். அறையின் அந்தப் பக்கத்தில் சோலைமுத்து, அடுத்த ஞாயிறு யார் யாருக்கு லீவு வாங்கவேண்டும் என்று பையன்களிடம் விசாரிக்கத் தொடங்கிவிட்டார். ஒலியுல்லா யோகேஷின் முகத்தை நேராகப் பார்த்து, சிரித்தார்.

"வேண்டாம்ப்பா" என்றார்.

யோகேஷ் அதை நம்பி, செய்தியை அனுப்பினான்.