சந்தையில் ஒட்டுக்கேட்டவன்

யாராவது பேசும்போது நல்ல வாக்கியம் ஒன்று காதில் விழுந்தால், அது மறந்துபோகாமல் இருக்க உதட்டுக்குள்ளேயே இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்ப்பேன். சத்தம் வராது, உதடு மட்டும் அசையும். காகிதமும் பென்சிலும் எடுத்தால் பேசுகிறவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள் என்பதால் இப்படிப் பழகியிருந்தேன். கதை எழுதுகிற ஆசையில் வந்த பழக்கம்.

அப்போது திருப்பதியில் ஒரு சத்திரத்தில் வேலை. வருகிற யாத்ரிகர்களுக்கு அறை ஒதுக்க வேண்டும், சாவி கொடுக்க வேண்டும், போகும்போது திரும்ப வாங்கி ஆணியில் மாட்ட வேண்டும். பிறந்து வளர்ந்தது சித்தூரில். என் தகப்பனார் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தவர். வீட்டிலேயே புத்தகத் தமிழ் பேசச் சொல்லி எங்களை வளர்த்தார். அதனால் வந்த வினை, என் கதையில் ஏர் ஓட்டுகிறவனும் அதே தமிழைப் பேசினான். சென்னையில் ஒரு பத்திரிகைக்கு அனுப்பிய கதைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ஒருமுறை மட்டும் ஆசிரியர் ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதியிருந்தார். என் விவசாயிகள் எல்லாரும் பள்ளிக்கூட வாத்தியார்கள் மாதிரி இருக்கிறார்களாம்.

அதைப் படித்த பிறகுதான் விடுமுறை நாளில் பஸ் ஏறி ஊர் ஊராகப் போக ஆரம்பித்தேன். வடமாலபேட்டையைத் தாண்டிப் புத்தூர் போகிற வழியில் ஓர் ஊரில் வாரச்சந்தை கூடும். நகரி, சத்தியவேடு பக்கமிருந்தெல்லாம் தமிழ்க் குடியானவர்கள் வருவார்கள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அவர்கள் பேசுவதைக் கேட்பேன். மாட்டைப் பற்றிப் பேசும்போது ஒரு தமிழ், மருமகளைப் பற்றிப் பேசும்போது வேறு தமிழ், வரி வசூலிக்கிறவரைக் கண்டால் பாதி வாக்கியத்திலேயே தெலுங்கு. எனக்குப் புதையல் கிடைத்தது போல இருந்தது. அந்த ஊர்க்காரர்கள் அப்போது எந்த நிலைமையில் இருந்தார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை.

ஆந்திரா தனி மாநிலமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. சென்னை மாநிலத்தோடு எல்லை மட்டும் முடிவாகவில்லை. எந்த ஊரில் எந்தப் பேச்சு அதிகமோ அதை வைத்துத்தான் ஊரைப் பிரிப்பார்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். கூட்டங்கள் நடந்தன, சுவரில் கரியால் எழுதினார்கள், அங்கங்கே கல்லெறிந்த செய்தியும் வரும். இதோடு ஒரு வதந்தியும் சுற்றிக்கொண்டிருந்தது. யார் வீட்டில் என்ன பாஷை என்று கண்டுபிடித்து மேலே சொல்வதற்கு ஆட்கள் மாறுவேடத்தில் சந்தைக்கும் கோயிலுக்கும் வருகிறார்களாம். சத்திரத்தில் இதைக் கேட்டபோது நான் சிரித்தேன்.

அன்றைக்கு டீக்கடையில் என் பக்கத்து பெஞ்சில் ஒரு குடியானவர் இருந்தார். ஐம்பது வயது இருக்கும். தலைப்பாகையை அவிழ்த்து மடிமேல் வைத்துக்கொண்டு கடைக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"எம்பொண்ண திருத்தணிப் பக்கம் குடுத்துக்கீறேன். நாளைக்குக் கோடு போட்டாங்கன்னா அவ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். புள்ளய பாக்கப் போறதுக்கே சீட்டு வாங்கணும்னு சொல்றானுங்க. என் மாட்ட அவுத்துக்கினு போறதுக்கு நான் எவனையும் கேட்டதில்ல. பெத்த புள்ளய பாக்க எவன கேக்கணும்?"

ஒரு வருடமாகத் தேடிக்கொண்டிருந்த குரல் அது. கண்ணை மூடிக்கொண்டு, பெத்த புள்ளய பாக்க எவன கேக்கணும், பெத்த புள்ளய பாக்க எவன கேக்கணும் என்று உதட்டை அசைத்தேன். கண்ணைத் திறந்தபோது எதிரே வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாரோ தெரியாது.

"எவரு நுவ்வு? ஏ ஊரு?" என்றார் தெலுங்கில், நீ யார், எந்த ஊர் என்று.

"திருப்பதி," என்றேன்.

அவர் உடனே தமிழுக்கு மாறினார். "திருப்பதியில இருந்து இங்க இன்னா வேல?"

"சந்தைக்கு வந்தேன்."

"இன்னா வாங்கினே?"

என் கையில் ஒரு பை கூட இல்லை. கடைக்காரர் எட்டிப் பார்த்து, "இவரு போன சந்தைக்கும் வந்தாரு. ஒண்ணும் வாங்க மாட்டாரு. டீ குடிச்சிக்கினு கம்முனு உக்காந்துக்கினு இருப்பாரு," என்றார். அவர் குரலில் வன்மம் எதுவும் இல்லை. இருந்தாலும் அந்த வார்த்தை வெளியே வந்த நொடியில் என்னைச் சுற்றிப் பேச்சு நின்றுபோனது. பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்தார்கள்.

பக்கத்திலிருந்த வேர்க்கடலை மண்டிக்குள் என்னைக் கூட்டிப்போனார்கள். யாரும் அடிக்கவில்லை. தோளில் ஒரு கை, முதுகில் ஒரு கை, அவ்வளவுதான். உள்ளே போனதும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது. வெளியே பட்டப்பகல், சந்தை இரைச்சல். நான் கத்தினால் யாருக்கும் கேட்காது. மூட்டைகளுக்கு நடுவே ஏழெட்டுப் பேர் நின்றார்கள். நான் ஒரு மூட்டைமேல் சாய்ந்தேன். "நேரா நில்லு," என்றார் ஒருவர்.

வேட்டியை மடித்துக் கட்டியவர்தான் கேட்டார். "உன்ன யாரு அனுப்பினாங்க?"

"யாரும் அனுப்பல. நான் கதை எழுதறவன்."

"கதன்னா?"

"பத்திரிகையில வர்ற கதை."

"அப்ப எங்க ஊருல பேசறதெல்லாம் பத்திரிகையில வருமா?"

வாயைத் திறந்து தவறாகச் சொல்லிவிட்டேன் என்று தெரிந்தது. "ஊர் பேரெல்லாம் மாத்திடுவேன். எல்லாம் கற்பனைதான்," என்றேன்.

"கற்பனைன்னா பொய்யி. பொய்ய எழுதறதுக்கு நாங்க பேசறத எதுக்குக் கேக்கற?"

இந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் நல்ல பதில் கிடையாது. அன்று, பொய்யாக இருந்தாலும் உண்மை மாதிரி இருக்க வேண்டும் என்று ஏதோ உளறினேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் சொல்கிற ஒவ்வொரு பதிலும் என்னை இன்னும் ஆழத்துக்குத் தள்ளியது.

பின்னாலிருந்து ஒருவர், "இவன் உதட்ட ஆட்டிக்கினே இருந்தான். ஆளுங்கள எண்ணிக்கினு இருந்தான். நான் பாத்தேன்," என்றார்.

"எண்ணல," என்றேன். "கேட்டத சொல்லிப் பாத்தேன்."

"இன்னா கேட்டே? இப்ப சொல்லு."

அந்தக் குடியானவரும் கூட்டத்தில் இருந்தார். சொல்லாவிட்டால் அடி விழும், சொன்னால் என்ன ஆகுமோ தெரியாது. நான் சொன்னேன். அவர் இழுத்த இடத்தில் இழுத்து, மூச்சு விட்ட இடத்தில் விட்டு, அவர் குரலிலேயே முதல் வார்த்தையிலிருந்து கடைசி வரை சொன்னேன். பயத்தில் எனக்கு வேறு குரல் வரவில்லை.

குடியானவர் தன் வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "எம்பொண்ணு பேரு எழுதுவியா?" என்று கேட்டார்.

"எனக்குப் பேரே தெரியாதுங்க."

"தெரிஞ்சிக்காதே."

அவர் முகத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். என்னைப் போலவே அவருக்கும் வியர்த்திருந்தது. மற்றவர்களிடம் திரும்பி, "உட்டுடுங்க இவன. இங்க நிக்க வேணாம்," என்றார். மன்னித்துவிட்ட பேச்சாக அது எனக்குப் படவில்லை. என்னைப் பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை என்று தோன்றியது.

இரண்டு பேர் என்னை ரோட்டுவரை நடத்திப்போய் பஸ்ஸில் ஏற்றினார்கள். "இன்னொரு வாட்டி இந்தப் பக்கம் பாத்தோம்னா காலு இருக்காது," என்றார் அவர்களில் ஒருவர், டிக்கெட் கொடுக்கிற கண்டக்டருக்கும் கேட்கும்படி.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "இன்னாங்க ஆச்சு? சட்டையெல்லாம் வேர்க்கடலத் தூசு," என்றாள். நடந்ததைச் சொல்லி முடித்தேன். அவள் கதவைத் தாழிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

அதன்பின் பல மாதங்கள் நான் எழுதவில்லை. எழுதவில்லை என்பதைவிடக் கேட்கவில்லை என்பதுதான் சரி. சத்திரத்தில் யாத்ரிகர்கள் பேசத் தொடங்கினால் சாவிகளை ஆட்டிச் சத்தம் பண்ணுவேன். யாராவது நல்ல வாக்கியம் சொல்லிவிடுவார்களோ, என் உதடு தானாக அசைந்துவிடுமோ என்று பயம். வாசலில் மடித்துக் கட்டிய வேட்டி தெரிந்தால் உள்ளறைக்குப் போய்விடுவேன்.

பிறகு ஒருநாள் காலை, அந்தச் சம்பவத்தையே எழுதி முடித்துவிட்டால் பயம் போகும் என்று உட்கார்ந்தேன். நல்லவனான ஓர் எழுத்தாளனை மூர்க்கமான ஒரு கூட்டம் மண்டியில் அடைத்து வைக்கிறது என்பது கதை. நான்கு நாளில் எழுதி முடித்து மனைவியிடம் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு அவள், "அந்தப் பெரியவரு அப்புறம் எப்பிடி ஊட்டுக்குப் போனாரு?" என்றாள்.

"எனக்கெப்படித் தெரியும்? நான் பஸ் ஏறிட்டேனே."

"இல்ல, தெரியலன்னா எழுத மாட்டீங்களா?"

அவள் விளையாட்டாகக் கேட்கவில்லை. கதை எழுதுகிறவர்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். நான் எரிச்சலோடு எழுந்து போனேன். ஆனால் அன்று சத்திரத்தில் அறைச் சாவியைக் கொடுக்கும்போதெல்லாம் என் நினைப்பில் அந்தக் குடியானவர் நடந்துகொண்டே இருந்தார். தலைப்பாகையைக் கையிலேயே வைத்துக்கொண்டு வெயிலில் போகிறார். தன் வாயில் வந்த வார்த்தை முன்பின் தெரியாத ஒருவன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டவர் அவர். இனி டீக்கடையில் பேசுவாரா? வீட்டில் மனைவியிடம் சொல்வாரா? மகளுக்கு இதனால் ஏதாவது கெடுதல் வருமென்று பயப்படுவாரா?

எழுதியதைக் கிழித்துவிட்டு, சந்தையிலிருந்து அவர் வீடு போய்ச் சேருகிறவரை மட்டும் எழுதினேன். எழுத்தாளனுக்கு அதில் இரண்டு வரிதான், அதுவும் உதட்டை ஆட்டுகிற யாரோ ஓர் ஆளாக. அதை எழுதிய வாரங்களில் நான் பட்ட பயம் மண்டியில் பட்டதைவிட மோசம். அவராக இருந்து பயப்பட வேண்டியிருந்தது. எனக்கோ அப்போது பெண்ணே பிறந்திருக்கவில்லை. இல்லாத ஒரு மகளுக்காக விடிகாலையில் விழித்து உட்கார்ந்திருப்பேன். அவர் உண்மையில் சொன்ன வாக்கியம் ஒன்றைக்கூடச் சேர்க்கவில்லை. சேர்க்கப் பேனாவை எடுத்தபோதெல்லாம் மண்டித் தாழ்ப்பாளின் சத்தம் காதில் கேட்டது. அவர் சொல்லாததை, சொல்லியிருக்கக் கூடியதை நானாகவே கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. கடைசியில் அவர் பேச்சு வாத்தியார் பேச்சாக இல்லை.

கதை அச்சில் வந்தது. எனக்கு அச்சில் வந்த முதல் கதை. என் தகப்பனார் சித்தூரிலிருந்து அதற்காகவே வந்து, படித்துவிட்டு, பேச்சுத் தமிழ் இவ்வளவு வேண்டுமா என்று மட்டும் கேட்டார். நான் சந்தோஷப்படவில்லை. அந்தப் பத்திரிகை புத்தூரில் விற்குமா, நகரியில் யாராவது வாங்குவார்களா என்பதே நினைப்பாக இருந்தது. ஒரு மாதம்வரை வாசலுக்கு முதுகைக் காட்டி உட்காரவில்லை. யாரும் வரவில்லை.

சில வருடங்களில் எல்லைத் தகராறும் தீர்ந்தது. திருத்தணி சென்னைப் பக்கம் போயிற்று, சித்தூர், புத்தூர், நகரி எல்லாம் ஆந்திராவிலேயே இருந்துவிட்டன. பஸ்கள் முன்போலவே போய்வந்தன, மகளைப் பார்க்கப் போக யாரும் அனுமதிச் சீட்டு வாங்கவில்லை. ஒரு தடவை அந்தச் சந்தை ஊருக்கு டிக்கெட் எடுத்துப் பஸ் ஏறினேன். அவரைப் பார்த்து என்ன சொல்வதாக இருந்தேன் என்று நினைவில்லை. வடமாலபேட்டையிலேயே இறங்கி, எதிரே வந்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

அதன்பிறகு நிறைய எழுதியிருக்கிறேன். எப்படி எழுதுகிறீர்கள் என்று இளைஞர்கள் கேட்கும்போது, காலையில் எழுந்து எழுதுவேன், பத்துப் பக்கத்தில் எட்டைக் கிழிப்பேன் என்று சொல்லிவைப்பேன். அதுவும் உண்மைதான். பயத்தைப் பற்றிச் சொல்வதில்லை. ஒரு கதை முடிந்ததும் இது யாருடையது, யார் வந்து கேட்பார்கள் என்ற நடுக்கம் வந்துவிடுகிறது. அந்த நடுக்கம் வராத கதைகள் சில உண்டு. அவற்றை நான் அனுப்புவதே இல்லை.

பத்திரிகை வருகிற நாளில் அதை நான் பிரிப்பது கிடையாது. என் மனைவிதான் பிரித்து, கூடத்து ஜன்னல் பக்கம் உட்கார்ந்து படிப்பாள். நான் சமையலறையில் காப்பி கலக்குகிற சாக்கில் நின்று, அவள் பக்கம் புரட்டுகிற சத்தம் வருகிறதா, இல்லை நடுவில் நிறுத்தி ஏதாவது கேட்கப்போகிறாளா என்று கேட்டுக்கொண்டிருப்பேன்.