வெள்ளைக் குதிரைக்குப் போன நிலம்

என் அண்ணன் கெட்டவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதற்குமேல் அவனைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை என் வாயில் வரப்போவதில்லை.

கதை அண்ணியுடையது. நானும் அண்ணியும் ஒரே மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறோம். நான் முன்பக்கம், ஃபிரேம் எடுத்துக் காட்டுவேன். அண்ணி பின்னறையில் லென்ஸை ஃபிரேமின் அளவுக்குத் தேய்த்துப் பொருத்துகிறவள். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. தேய்க்கும் சக்கரத்தின் இரைச்சலில் நாள் முழுக்க நின்றுவிட்டு, மதியம் அரை மணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு கையால் சாப்பிடுவாள். இன்னொரு கையால் போனில் உழுவாள்.

ஆமாம், உழுவாள். பிரபுக்கள், கோட்டைகள், டிராகன்கள் எல்லாம் நிறைந்த ஒரு விளையாட்டு அது. அண்ணன்தான் ஆரம்பித்தான். அவனோடு லிஃப்ட் பழுதுபார்க்கிற கூட்டாளிகள் அதை அவன் போனில் ஏற்றிவிட்டிருந்தார்கள். வாளை எடுத்துக்கொண்டு நேரே போருக்குப் போகலாம் என்று நினைத்திருந்தான் போல. ஆனால் அதில் புதிதாக வருகிற யாராக இருந்தாலும் ஏற்கெனவே ஆடிப் பிரபுவாகிவிட்ட இன்னொரு ஆளிடம் துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துத்தான் தொடங்க வேண்டும். மூன்றாம் நாளே, "களை பிடுங்கறதுக்கு எதுக்கு விளையாட்டு? நீயே வச்சுக்கோ" என்று வீட்டிலிருந்த பழைய போனோடு அண்ணியிடம் தள்ளிவிட்டான்.

அந்த உலகத்துச் சட்டத்தைக் கேட்டால் உங்களுக்கும் பற்றிக்கொண்டு வரும். விளைச்சலில் பாதி பிரபுவுக்கு. அவன் உத்தரவில்லாமல் ஒரு மரம் வெட்டக் கூடாது, ஒரு கிணறு தோண்டக் கூடாது. பிரபுவின் டிராகன் தும்மிப் பயிர் கருகினாலும் பாதி பாதிதான். ஒரு பருவம் தரிசாகப் போட்டால் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். ஒரே ஒரு விதியில் மட்டும் கொஞ்சம் ஈரம் இருந்தது. தொடர்ந்து ஏழு பருவம் விடாமல் பயிர் வைத்தால் நிலம் உழுதவருக்கே சொந்தம். அப்போது ஒரு பட்டயம் வரும். அதில் நாம் எழுதுகிற பெயர் அந்த உலக வரைபடத்தில் எல்லோரும் பார்க்கிற மாதிரி நிற்கும்.

ஒரு பருவம் என்பது நம் கணக்கில் இரண்டு மாதம். பதினான்கு மாதம் அண்ணி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்த நிலத்தைப் பார்த்தாள். காலையில் அடுப்பைப் பற்றவைக்கும் முன் மடை திறப்பாள். காய்ச்சலில் படுத்தபோது நெற்றியில் ஈரத்துணியோடு அறுவடை செய்தாள். அண்ணனுக்குப் பல் பிடுங்கிய அன்று, உள்ளே அவன் கத்த, வெளியே வராந்தாவில் இவள் களை எடுத்துக்கொண்டிருந்தாள். நான்காவது பருவத்தில் பிரபு தன் வேலியை இவள் நிலத்துக்குள் ஒரு கட்டம் நகர்த்திவிட்டான். அவளிடமா நடக்கும்? கட்டம் கட்டமாக எண்ணி, படம் எடுத்து, விளையாட்டின் ஊர்மன்றத்தில் முறையிட்டு வேலியைப் பழைய இடத்துக்கே தள்ள வைத்தாள். அந்தப் பிரபு எந்த ஊரில் எவனாக இருக்கிறானோ, அன்றைக்கு நிச்சயம் வயிறு எரிந்திருப்பான்.

"இதுக்குப் போய் இவ்ளோ பாடா அண்ணி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வரைபடத்துல என் பேரு வரும்" என்றாள். கொஞ்சம் வெட்கத்தோடுதான் சொன்னாள். "வேற எதுல இருக்கு, சொல்லு பாப்போம்."

யோசித்துப் பார்த்தேன். வீட்டு வாடகை ஒப்பந்தம், கேஸ் இணைப்பு, மின்சாரம், அவள் கையிலிருந்த அந்தப் பழைய போனின் எண்கூட அண்ணன் பெயரில்தான். வாடகையில் பாதி அவள் சம்பளத்திலிருந்து போகிறது. முன்பு ஒருமுறை அவள் கேட்டதற்கு அவன், "யார் பேர்ல இருந்தா என்ன, எல்லாம் ஒண்ணுதானே?" என்று சொல்லிவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டான். நானும் அப்போது அங்கேதான் இருந்தேன். வாயே திறக்கவில்லை.

ஏழாவது பருவம் முடியப் பன்னிரண்டு நாள் பாக்கி. ஒரு சனிக்கிழமை சாயங்காலம், அண்ணி மாடியில் துணி எடுக்கப் போயிருந்தாள். அவர்கள் வீட்டுக்குப் போயிருந்த நான் டீ போட்டுக்கொண்டிருந்தேன். அண்ணன் தன் போனில் சார்ஜ் இல்லை என்று பழைய போனை எடுத்தான். கொஞ்ச நேரத்தில் ஒரே உற்சாகம்.

"ஏய், இங்க பாரேன்! பிரபு குதிரை குடுத்திருக்கான். வெள்ளைக் குதிரை! கவசத்தோட!"

"சும்மாவா குடுத்தான்?"

"ஏதோ நிலத்தைத் திருப்பிக் குடுக்கறீங்களான்னு கேட்டான். ஆமான்னு அமுக்கிட்டேன்."

நான் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினேன். வாசலில் அண்ணி துணிக்குவியலோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் போனை வாங்கிப் பார்த்தாள். பச்சையாக இருந்த கட்டங்களின் மேல் பிரபுவின் கொடி பறந்தது. ஓரத்தில் ஒரு குதிரை காலைத் தட்டிக்கொண்டு நின்றது.

"என்னங்க பண்ணீங்க?" என்றாள்.

"குதிரைடி! இதுக்காக எங்காளுங்க எத்தனை மாசமா அலையறாங்க தெரியுமா?"

"பன்னெண்டு நாள்ல அது என் நிலம்."

"விளையாட்டுதானே, விடு. என் கணக்குதானே அது?"

சோற்றுப் பருக்கையைக்கூடச் சிந்தாமல் சாப்பிடுகிறவன், பதினான்கு மாத உழைப்பை ஒரு விரலால் கொட்டிவிட்டு டீ எங்கே என்று கேட்கிறான். எனக்கு வந்த ஆத்திரத்தில் என்னென்னவோ கத்தினேன். எருமைமாட்டின் மேல் மழை பெய்த மாதிரி இருந்தான்.

அண்ணி அழவில்லை. திங்கட்கிழமை மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் விளையாட்டுக் கம்பெனிக்கு எழுதினாள். எந்த நாள் விதைத்தாள், எந்த நாள் அறுத்தாள், வேலி வழக்கு என்று ஒன்றுவிடாமல் எழுதினாள். மூன்று நாளில் பதில் வந்தது. குத்தகைதாரரின் சம்மதத்தோடு நிலம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது, யார் உழுதார்கள் என்பதை நாங்கள் பார்ப்பதில்லை. கடைசியில் ஒரு வரி: எங்கள் பதிவேட்டில் உங்கள் பெயரில் எவரும் இல்லை.

அந்த வரியை என்னிடம் காட்டிவிட்டு எழுந்துபோய்ச் சக்கரத்தை ஓட்டினாள். அன்று ஒரு லென்ஸை உடைத்துவிட்டாள். இத்தனை வருடத்தில் நான் பார்த்து அவள் உடைத்தது அது ஒன்றுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே இருந்தபோது வீட்டுக்காரர் வந்தார். ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டிய சமயம். சாப்பாட்டு மேசையில் தாளை விரித்து, அண்ணன் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார். அண்ணன் பேனாவைத் தேடினான். அது அண்ணி கையில் இருந்தது.

"சார், ஒப்பந்தத்தை என் பேருக்கு மாத்தி எழுதுங்க" என்றாள்.

வீட்டுக்காரர் சிரித்தார். "எதுக்கும்மா? ஒரே குடும்பம். யார் பேர்ல இருந்தா என்ன?"

"அதைத்தான் சார் இவரும் எப்பவும் சொல்லுவார். யார் பேர்ல இருந்தாலும் ஒண்ணுதானாம். அப்போ என் பேர்ல இருக்கட்டுமே."

அண்ணன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. லிஃப்டில் இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டவன் மாதிரி விழித்தான். "அதெப்படி... அது வேற, இது வேற" என்றான்.

"என்ன வேற?" என்றேன் நான். இந்த முறை வாயைத் திறந்தேன்.

வீட்டுக்காரர் அண்ணனையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பேசி முடித்துவிட்டுக் கூப்பிடுங்கள் என்று எழுந்துபோனார். ஒன்பது நாளாகிறது. தாள் மேசையிலேயே கிடக்கிறது. அதைச் சுற்றித்தான் சாப்பிடுகிறார்கள். அண்ணன் தினமும் எனக்கு போன் செய்து, "உங்க அண்ணிகிட்ட நீ கொஞ்சம் சொல்லேன், வெறும் பேருதானே" என்கிறான்.

வெறும் பேருதானே அண்ணா, குடுத்துடேன் என்கிறேன். போனை வைத்துவிடுகிறான்.