ஃபெலிசாவின் மிஷின் கப்பலேறிய ஞாயிறு

ஃபெலிசா சிங்கப்பூரில் அடுத்தவர் வீட்டைத் துடைத்தே மகள் ரிசெலைப் பொறியியல் படிக்க வைத்தாள். ஞாயிறு மட்டும் அவளுடையது. அன்று கைச்சக்கரத் தையல் மிஷினைத் தள்ளுவண்டியில் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்துக்கு இறக்கி, தன்னைப் போல் வீட்டு வேலைக்கு வந்த தோழிகளுக்குத் துணி தைப்பாள். கூலி வாங்கமாட்டாள். யாராவது பான்சிட் நூடுல்ஸ் கொண்டுவந்தால் மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிடுவாள்.

பிலிப்பைன்ஸின் இலோய்லோவில் வளர்ந்த ரிசெலுக்கு அம்மா என்றால் அட்டைப்பெட்டிதான். கிறிஸ்துமஸுக்கு முன் கப்பலில் வரும். திறந்ததும் தலையை உள்ளே விட்டு மோந்து பார்ப்பாள். சோப்பு, காப்பித்தூள், அவற்றுக்கு அடியில் எங்கோ அம்மா. மறுநாள் மோந்தால் வெறும் அட்டை.

மாரடைப்பில் போன ஃபெலிசாவின் உடல் விமானத்தில் ஊர் வந்தது. அடக்கம் முடிந்து, மிச்சப் பொருட்களை எடுக்க ரிசெல் சிங்கப்பூர் வந்தாள். அம்மா வேலை பார்த்த வீட்டுக்காரம்மா அறையைத் தொடாமல் வைத்திருந்தார். மேசைமேல் மிஷின். அதில் பாதி தைத்த நீலச் சட்டையின் கை. முழங்கையருகே ஊசி துணிக்குள் இறங்கி நின்றது. அம்மா கோத்த நூல்.

இரும்பு மிஷினை விமானத்தில் ஏற்றினால் கட்டுப்படியாகாது. கப்பல் பெட்டிக்கு எடைக் கணக்கு இல்லை. பெட்டியின் அளவுக்குத்தான் காசு. அம்மாவின் தோழி கோர்சிங் பெரிய பெட்டி ஒன்றைத் தூக்கி வந்தாள்.

ரிசெல் மருத்துவமனைக் கருவிகளைப் பழுதுபார்ப்பவள். ஊசியைக் கழற்ற வேண்டும், அடிநூல் சுற்றிய பாபினை எடுக்க வேண்டும், மேல்பாகத்தை அடிப்பலகையிலிருந்து பிரித்துத் தனியாகச் சுற்ற வேண்டும். எல்லாம் தெரியும். எதையும் செய்யவில்லை. மிஷினைச் சட்டையோடு சேர்த்துக் பிளாஸ்டிக் குமிழ்த்தாளில் சுற்றிப் பெட்டிக்குள் இறக்கினாள்.

கோர்சிங் எட்டிப் பார்த்தாள்.

"ஏண்டி இன்டாய், பாதிப் பெட்டி காத்தா இருக்கு. காத்துக்கும் சேத்தா காசு குடுப்ப? உங்கம்மா பாத்தா எந்திரிச்சு வந்து திட்டுவா."

"வந்தா நல்லதுதான் மனாங்."

அக்காவை அவர்கள் ஊரில் மனாங் என்பார்கள், சின்னப் பெண்ணை இன்டாய். கோர்சிங் துண்டு, பற்பசை, மாட்டிறைச்சி டின் என்று சந்துகளில் திணிக்கத் தொடங்கினாள்.

"டின்ன மேல வைக்காதீங்க. கப்பல் ஆடுனா சக்கரத்துல இடிக்கும்."

"சரிங்க டாக்டரம்மா." டின்னை மூலைக்குத் தள்ளியபோது தாளுக்குள் நீலம் தெரிந்தது. கோர்சிங் தாளை விலக்கினாள். "ஊசியக் கூடக் கழட்டலயா? மிஷின் படிச்சவ நீதான?"

"கழட்டுனா நூல் போயிடும்."

"வேற நூல் கோத்துக்க."

"அது அம்மா கோத்தது."

"இப்படியே போனா என்னாகும்?"

"ஊசி ஒடியும். முனை உள்ள சிக்கினா மிஷினே சுத்தாது."

"அப்ப இது ஊருக்குத் தைக்கப் போகுதா, பக்கத்துல மெழுகுவத்தி ஏத்தி வைக்கவா?" கோர்சிங்கின் குரல் இறங்கியது. "அந்தச் சட்டை என்னோடதுடி. கேக்க வாய் வரல."

ரிசெல் மிஷினை வெளியே எடுத்து மேசைமேல் வைத்தாள். எத்தனையோ மோட்டார்களைப் பிரித்துச் சேர்த்திருக்கிறாள். ஒரு கைக்குட்டைக்குக்கூட ஓரம் அடித்ததில்லை. கற்றுக்கொடுக்க வேண்டியவள் கடல் கடந்து இருந்தாள். மெல்லச் சக்கரத்தைச் சுற்றினாள். ஊசி ஏறியது, இறங்கியது. அம்மா கோத்த நூல் தையல் தையலாகத் துணிக்குள் போனது. சட்டைக் கை முடிந்ததும் நூலை வெட்டினாள். ஊசியைக் கழற்றினாள். மற்றதெல்லாம் தானாக நடந்தது: பிரித்தாள், சுற்றினாள், கனமானதை அடியில் வைத்தாள்.

சட்டையைக் கோர்சிங் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"கோணலா இருக்கே."

"பிரிச்சுத் தைக்கச் சொல்லி வேற யார்ட்டயாவது…"

"தொட்ட, கைய ஒடிப்பேன்."

பனியன்மேலேயே அதைப் போட்டுக்கொண்டாள். காற்றுக்கு இடமில்லாமல் பெட்டி நிறைந்தது. ஆட்கள் வந்து தூக்கிப் போனார்கள். லாரி கிளம்பியபோது கோர்சிங் கையை உயர்த்தி ஆட்டினாள். சட்டைக் கையின் அடித்தையல் தெரிந்தது. அக்குளிலிருந்து நேராக வந்து, முழங்கையருகே தடுமாறியது. ரிசெல் லாரியைப் பார்க்கவில்லை. அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.