சிங்கி சிரட்டைக்குள் போய்விட்டது

வண்ணமீன் கடை வைத்திருப்பவர்கள் மீன் விற்கிற நேரத்தைவிட, விற்ற மீனுக்காகப் பதில் சொல்கிற நேரம்தான் அதிகம். வீட்டில் ஒரு தொட்டி வைத்துவிட்டு, வருகிற விருந்தாளிக்கெல்லாம் விளக்கம் சொல்லி ஓய்ந்தவராக நீங்கள் இருந்தால் என் பாடு உங்களுக்குப் புரியும்.

கல்யாணமாகித் தூத்துக்குடியிலிருந்து அந்தமானுக்கு வந்தவள் நான். போர்ட் பிளேரில், பத்துபஸ்தியில் சின்னதாக ஒரு கடை. மீன் பைகள் சென்னையிலிருந்து விமானத்தில் வரும். வெயிலில் காயாமல் சீக்கிரம் கைக்கு வரட்டும் என்றுதான் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இடம் பிடித்தேன். நாலு பக்கமும் கடல் இருக்கிற ஊரில் கண்ணாடிப் பெட்டியில் மீன் விற்கிறாயா என்று என் அண்ணனே போனில் சிரித்தார்.

சுனாமி வந்து சில வருஷம் கழித்து கிரேஃபிஷ் என்ற ஒன்றை வரவழைத்தேன். நல்ல தண்ணீரில் வாழ்கிற நீல நிறப் பிராணி. இரண்டு பெரிய கொடுக்கு, நீள மீசை. கடலில் கிடைக்கிற சிங்கி இறாலுக்குத் தம்பி போல இருக்கும். அதனால் எங்கள் ஊரில் அதன் பெயர் சிங்கி என்றே நின்றுவிட்டது. கிரேஃபிஷ் என்று நான் எத்தனை தடவை சொன்னாலும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வாய்க்கா, கண்ணுக்கா

முதல் சிங்கியைப் பார்த்ததும் பக்கத்து மளிகைக் கடை வங்காளிக்காரர் தொட்டி முன்னால் குனிந்து நின்றார். எப்படிச் சமைப்பது என்று கேட்டார். இது சமைக்க இல்லை, பார்க்க என்றேன். வெறுமனே பார்க்கவா என்று மறுபடியும் கேட்டார். ஆமாம், வெறுமனே பார்க்கத்தான் என்றேன். காலையிலிருந்து அதே பதிலைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்திருந்தது.

அவர் எங்களோடு பழகிக் கொஞ்சம் தமிழ் பேசுவார், அக்கா என்பதை மட்டும் தீதி என்பார். நிமிர்ந்து, கடல் இருக்கிற திசையைக் கையால் காட்டிச் சொன்னார்: "பார்க்கிறதுக்கு சமுந்தர் இருக்கு தீதி. ஆனா அதை இப்போ யாரு பார்க்கிறா?"

நட்டதும் பிடுங்கியதும்

செடி வளர்த்த தொட்டியில் சிங்கியை விட்டால் அழகாக இருக்கும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அழகு ஒரு ராத்திரிக்குத்தான். கடையின் முகப்புத் தொட்டியில் மணல் பரப்பி, இடுக்கியால் ஒவ்வொரு செடியாக நட்டு, ஒளிந்துகொள்ள ஒரு தேங்காய்ச் சிரட்டையும் கவிழ்த்து வைத்தேன். மறுநாள் கடை திறந்தால் செடி எல்லாம் மேலே மிதக்கிறது. கீழே சிங்கி ஒரு தண்டைக் கொடுக்கில் பிடித்துக்கொண்டு, முதலாளி மாதிரி நிற்கிறது. மறுபடி நட்டேன். மறுபடி பிடுங்கியது. வேருக்கு மேல் கல் வைத்தேன், கல்லையும் நகர்த்தியது.

ரோடு காண்டிராக்டர் ஒருவர் எங்கள் வாடிக்கை. நான் கையை முழங்கை வரை தண்ணீரில் விட்டு நட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்து, ரொம்ப அனுபவப்பட்ட குரலில் ஆறுதல் சொன்னார்: "விடுங்கம்மா, போட்ட ரோட்டையே நாங்க வருஷா வருஷம் தோண்டுறோம், அது செடியத்தானே தோண்டுது."

குழாயில் தண்ணீர் வரும் நேரம்

போர்ட் பிளேரில் குடியிருந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கோடையில் குழாயில் தினமும் தண்ணீர் வராது. வருகிற நாளில் வாளி, குடம், டிரம் எல்லாம் வரிசையில் நிற்கும். அந்த வரிசையில் நானும் நிற்பேன், தொட்டித் தண்ணீர் மாற்ற. மேல்வீட்டுத் தெலுங்குக்காரம்மாவுக்கு என்னைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். நியாயம் அவர் பக்கம்தான், அதனால் வாயைத் திறக்க மாட்டேன்.

ஒரு நாள் என் வாளி நிரம்புவதை இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "மேரே கர் மே, எங்க வீட்ல, குளிக்கத் தண்ணி இல்ல. உங்க சிங்கிய ஒரு நாள் கடல்ல குளிப்பாட்டிட்டு வாங்களேன்!"

ஆடியது தண்ணீர்

கடலுக்கு அக்கரையில் பாம்பூஃப்ளாட்டில் குடியிருக்கும் செல்வராஜ், தன் மேலதிகாரி வீட்டு மீனுக்குத் தீனி வாங்க வந்தார். கூடவே அவர் மனைவி மல்லிகா. வீட்டில் தனியாக இருக்கமாட்டாளாம், அதனால் கூட்டிக்கொண்டு படகேறி வந்திருக்கிறார். மல்லிகா பிறந்து வளர்ந்தது தெற்கே நிக்கோபாரில், கச்சால் தீவில். அவள் அப்பா அம்மா இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து வந்து, அங்கே ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள். சுனாமியில் அம்மாவும் தங்கச்சியும் போய்விட்டார்கள். அதிலிருந்து மல்லிகா சரியாகத் தூங்குவதில்லை, செருப்பைப் போட்டுக்கொண்டே படுக்கிறாள், வேலையை விட்டுவிட்டு மெயின்லேண்டுக்குப் போய்விடலாம் என்று தினமும் அழுகிறாள். இதையெல்லாம் அவளை வைத்துக்கொண்டே செல்வராஜ் சொன்னார். அவள் அதைக் கேட்காதவள் போல முகப்புத் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் நிலம் லேசாக ஆடியது. எங்களுக்கு இது புதிது இல்லை. அதற்காகப் பழகியும் போய்விடவில்லை. எல்லாத் தொட்டியிலும் தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து திரும்பியது. மூன்று பேரும் ரோட்டுக்கு ஓடினோம். அடங்கிய பிறகு உள்ளே வந்தால் சிங்கி சிரட்டைக்குள் இருந்தது, மீசை மட்டும்தான் வெளியே. பகலில் அது உள்ளேதான் கிடக்கும் என்றேன். மல்லிகா தலையை ஆட்டினாள். "இல்லக்கா, நான் பார்த்துக்கிட்டுதானே நின்னேன். ஆடுறதுக்கு முந்தியே அது உள்ளுக்குப் போயிட்டுது. எங்களுக்கு அன்னைக்கு இப்பிடி ஒண்ணு இருந்திருந்தா..."

போன் மேல் போன்

அந்தச் சிங்கி, சிரட்டை, செடி எல்லாம் ஒரு சின்னத் தொட்டியோடு மல்லிகா வீட்டுக்கு, பாம்பூஃப்ளாட்டுக்குப் போனது. எனக்குப் பிடித்தது சனி. "அக்கா, உள்ளுக்குப் போயிட்டுது." போகட்டும்மா. "எப்ப வரும்?" பசித்தால் வரும். சாயங்காலம் இன்னொரு போன், வெளியே வந்துவிட்டதாம். இது நில அதிர்வைச் சொல்கிற மெஷின் இல்லை என்று பொறுமையாகச் சொன்னேன், கத்தியும் சொன்னேன். அவள் தெருவே படகுக்குப் போகிற வழியில் ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டுப் போக ஆரம்பித்தது. ஹேவ்லாக் தீவுக்குப் படகேற இருந்த ஒருவர், முன்பின் தெரியாதவர், எனக்கே போன் செய்து சிங்கி எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்.

பொறுக்க முடியாமல் செல்வராஜைக் கூப்பிட்டேன். உங்கள் வீட்டம்மாவுக்கு நீங்களாவது புத்தி சொல்லக்கூடாதா என்றேன். அவர் மெதுவாகச் சொன்னார்: "சிங்கிக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எனக்கும் தெரியும்க்கா. ஆனா இப்பதான் அவ செருப்பக் கழட்டிட்டுப் படுக்குறா. கொஞ்ச நாள் விடுங்க."

சிரட்டைக்குப் பின்னால்

விட்டேன். அப்புறம் ஒரு மத்தியானம் மல்லிகா கூப்பிட்டாள். சிங்கி ரெண்டு நாளாக வெளியே வரவில்லை, போட்ட தீனி அப்படியே கிடக்கிறது, இப்போது பார்த்தால் சிரட்டைக்குப் பின்னால் செத்துக் கிடக்கிறது என்றாள். பெரிதாக ஏதோ வரப்போகிறது என்று தெருவில் எல்லோரும் கிளம்புகிறார்களாம். கடையை மூடிவிட்டு சாத்தாம் படகுத்துறையில் படகு பிடித்தேன். எனக்குத் தலைவலி. அந்தப் பக்கம் இறங்கி நடந்தால், மேட்டுப் பக்கம் ஏறிக்கொண்டிருக்கிறார்கள் ஜனங்கள். ஒருவர் பாதி வெந்த சோற்றோடு குக்கரைத் தூக்கிக்கொண்டு போகிறார். மல்லிகா செருப்பு போட்டுக்கொண்டு, மடியில் பையோடு வாசலில் உட்கார்ந்திருந்தாள். செல்வராஜ் சென்னைக் கப்பலுக்கு டிக்கெட் விசாரிக்கப் போயிருந்தார்.

சிரட்டைக்குப் பின்னால் கிடந்தது கொடுக்கு, மீசை, கண் எல்லாம் இருந்த முழுச் சிங்கிதான். ஆனால் உள்ளே ஒன்றுமில்லை, வெறும் ஓடு. சிரட்டையைத் தூக்கினேன். அடியில் இன்னொரு சிங்கி, உயிரோடு, கொஞ்சம் பெரிதாக. அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். பாம்பு சட்டை உரிக்கிற மாதிரி இதுவும் ஓட்டைக் கழற்றும். புது ஓடு கெட்டிப்படும் வரை உடம்பு மெத்தென்று இருக்கும், யார் கடித்தாலும் போச்சு, அதனால்தான் ஒளிந்துகொள்கிறது. பழைய ஓட்டை அதுவே தின்றுவிடும், எடுத்துப் போடாதே என்றேன். திரும்பி வந்து எட்டிப் பார்த்த குக்கர்காரர் இதை விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டாமா என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

மல்லிகா சண்டை போடவில்லை. குனிந்து அந்த மெத்தென்ற உடம்பை வெகுநேரம் பார்த்தாள். உண்மையைச் சொல்லி அவள் தூக்கத்தைப் பிடுங்கிவிட்டேனே என்று எனக்குத் தோன்றியது. நிமிராமலே கேட்டாள்: "அப்ப இவ்வளவு நாளும் நான் எத நம்பிக்கா தூங்கினேன்?"

முற்பகல் போன்

அதற்குப் பிறகு அவளிடமிருந்து போனே வரவில்லை. வராத போன் இவ்வளவு தொந்தரவு செய்யும் என்று எனக்குத் தெரியாது. கப்பல் ஏறிவிட்டார்கள் என்றே நினைத்துக்கொண்டேன். கேட்கவும் பயமாக இருந்தது. செடியை நட்டேன், புதிதாக வந்த சிங்கி பிடுங்கியது.

மழைக்காலத்தில் ஒரு முற்பகல், கடையில் தொட்டித் தண்ணீர் மறுபடி லேசாக ஆடி அடங்கியது. ரோட்டுக்கு ஓடி, மேல்வீட்டம்மாவோடு நின்று மூச்சு வாங்கும்போதே கைபோன் அடித்தது. மல்லிகா. இன்னும் பாம்பூஃப்ளாட்டில்தான் இருக்கிறாள். அவள் அழவில்லை. "அக்கா, ஆடினப்ப அது வெளியதான் நின்னுச்சி, கேரட்டு தின்னுக்கிட்டு. அதுக்கு ஒண்ணுமே தெரியல, பாவம். நான்தான் கிட்டக்க நின்னு, பயப்படாத, லேசாத்தான் ஆடுதுன்னு சொன்னேன்."

ஆபத்தை முன்கூட்டியே சொல்லும் என்று வாங்கிப் போய், சொல்லாது என்று தெரிந்த பிறகும் திருப்பிக் கொடுக்க வராத ஒரே ஒரு வாடிக்கையாளர் கிடைத்ததுதான், இத்தனை வாளி தண்ணீர் தூக்கியதற்கு இந்தத் தொழிலில் நான் கண்ட மிச்சம்.