வெயில் காட்டிக் கொடுத்த பெட்டிகள்

அந்தக் கோப்பின் முதல் தாளோடு ஒரு தீப்பெட்டி வெள்ளை நூலால் கட்டப்பட்டிருந்தது. உரசும் பக்கம் கன்றிப்போயிருந்தது. உள்ளே குச்சிகளின் தலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. மலை எல்லையில் இருந்த ஒரு படைமுகாமிலிருந்து வந்த புகார் அது. பெட்டிகள் ஒன்றும் பற்றவில்லை, பனி தொடங்கிவிட்டது என்று எழுதியிருந்தார்கள், அவ்வளவுதான். எங்கள் மேசைக்கு வந்து சேர்வதற்குள் அந்தத் தாள் அத்தனை அலுவலகங்களின் முத்திரைகளையும் வாங்கியிருந்தது. இராணுவக் கொள்முதல்களைத் தணிக்கை செய்யும் பிரிவில் நான் அப்போது இளநிலை அதிகாரி. பெட்டியின் மேல் கோவில்பட்டி என்று இருந்ததைப் பார்த்ததும் மேலதிகாரி என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் வடக்கே பிறந்தவர், தமிழ் தெரியாது. நான் அந்தப் பக்கத்துக் கடம்பூருக்கு அருகே பிறந்தவள். அதனாலேயே அந்த ஆய்வுக்கு என்னையும் அழைத்துப் போனார்.

நாங்கள் போனது சித்திரையில். அறுவடை முடிந்து பருத்திமார் பிடுங்கிய காடுகள் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தன. அங்கே தீப்பெட்டித் தொழிற்சாலையைத் தீப்பெட்டி ஆபீஸ் என்பார்கள். அதன் முதலாளியை ஊரே அண்ணாச்சி என்றழைத்தது. நானும் அப்படியே அழைத்தேன். வரிசையாக உட்கார்ந்து குச்சி அடைத்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி எங்களைக் கண்டதும், "ஏட்டி, பட்டாளத்துக்காரவிய வாராவன்னு பவுடரு பூசிட்டு வந்தா, கண்ணாடி போட்ட கணக்குப்பிள்ளையல்லா அனுப்பியிருக்காவ!" என்றாள். கூடம் முழுக்கச் சிரிப்பு. என்ன சொல்கிறார்கள் என்று மேலதிகாரி கேட்டார். வரவேற்கிறார்கள் என்றேன். அண்ணாச்சி தட்டில் போளி கொண்டுவந்து வைத்தார். ஆய்வுக்குப் போகும் இடங்களில் எங்கள் மேலதிகாரி தண்ணீரைக்கூடத் தம் பையிலிருந்து எடுத்துத்தான் குடிப்பார். தட்டை அவர் கையால் விலக்கியதும் அண்ணாச்சியின் முகம் சுருங்கிவிட்டது. "ஏம்மா, வெசம் வச்சிருக்கேன்னு நெனைக்காரா உங்க சாரு?" என்றார் என்னிடம். தயங்க வேண்டாம் என்கிறார் என்று நான் மொழிபெயர்த்தேன். அன்று காலை முழுவதும் இப்படித்தான் இருவருக்கும் நடுவில் நின்று, சொற்களின் முனைகளை மழுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அந்தக் கேள்வி வந்தது. சரக்கை அனுப்பும் முன் தரச்சோதனைக்கு அதிகாரிகள் வந்தபோது எந்தப் பெட்டிகளைக் கொடுத்தீர்கள், எப்படிக் கொடுத்தீர்கள்? அண்ணாச்சி கொஞ்சமும் யோசிக்கவில்லை. சொல்லும்போது அவர் முகத்தில் பெருமைகூடத் தெரிந்தது. "அது ஐப்பசி மாசம். ரெண்டு நா மழை விட்டு அன்னைக்குத்தான் வெயில் எட்டிப் பாத்துது. அவிய மத்தியானம் வாராவன்னு தெரியும்லா, காலையிலயே நானே பண்டலப் பிரிச்சு, மாடியில பாய விரிச்சு வெயில் காட்டி வச்சேன். ஒரசிப் பாத்தாவ, ஒரு குச்சி தப்பல. பெறவு? வெயில் காட்டாத பெட்டிய மனுசன் கையில குடுப்பமா?"

எங்கள் பக்கத்தில் இந்தத் தொழில் செய்பவர்களுக்கு அது ஒரு மரியாதை. கோயிலுக்குக் கொடுத்தாலும் சம்பந்தி வீட்டுக்குக் கொடுத்தாலும் பெட்டியை ஒருமுறை வெயிலில் வைத்து எடுத்த பிறகே கொடுப்பார்கள். நமத்த பெட்டியைக் கொடுப்பது வந்தவரை அவமதிப்பதாகும். ஆனால் ஒப்பந்தம் சொன்னது வேறு. மூடிய பண்டலைச் சோதனையாளரே தம் கையால் பிரித்து, இருப்பதை இருந்தபடியே உரசிப் பார்க்க வேண்டும். மழை மாதத்துச் சரக்கில் தங்கியிருந்த ஈரத்தை அந்த அரைநாள் வெயில் மறைத்துவிட்டது. மற்ற பெட்டிகள் ஈரத்தோடு மலையேறின. அப்படி ஒன்றைத் தாம் மறைத்துவிட்டது அவருக்கே தெரியாது.

மேலதிகாரி பேனாவைத் திறந்து காத்திருந்தார். இதையும் மழுக்கியிருக்கலாம், பண்டலிலிருந்து எடுத்துக் கொடுத்தார் என்று மட்டும் சொல்லியிருந்தால் பொய்யாகவும் இராது. அந்த ஒப்பந்தம் போனால் ஆபீஸை மூட வேண்டியதுதான் என்பது எனக்குத் தெரியும். கூடத்தில் இன்னும் சிரிப்பு ஓயவில்லை. அண்ணாச்சி சொன்னதை ஒரு சொல் குறையாமல் சொன்னேன். இது இந்த ஊர் வழக்கம், இதில் சூது இல்லை என்றும் சேர்த்தேன். "வழக்கத்துக்குச் சான்று ஏதாவது இணைக்க முடியுமா?" என்று மேலதிகாரி கேட்டார். அதில் கேலி இல்லை, உண்மையாகவே கேட்டார். என்னிடம் சான்று இல்லை.

மேலதிகாரி அறிக்கையை நேர்மையாகவே எழுதினார். கொடுத்ததை வாங்கி உரசிப் பார்த்த சோதனையாளர்களின் குறையை முதலில் வைத்தார். குளிரையும் ஈரத்தையும் கருதாமல் சோதனை முறையை வகுத்தவர்களை அடுத்து வைத்தார். வெயில் காட்டிய செய்தி மூன்றாவதாக வந்தது. பதில்கள் வந்தன, பதில்களுக்குப் பதில்கள் போயின, ஆண்டுகளும் ஓடின. இனிக் கவனமாக இருப்போம் என்ற ஒரே வாக்கியத்தில் முதல் குறை தீர்ந்தது. இரண்டாவது ஒரு குழுவிடம் போனது, அங்கிருந்து திரும்பவில்லை. எஞ்சியது நான் மொழிபெயர்த்தது மட்டும்தான். அண்ணாச்சியின் ஆபீஸ் கறுப்புப் பட்டியலில் ஏறியது.

பிறகு எத்தனையோ ஆய்வுகள். கூடாரத் துணி, காலணி, பாலத்துக்கான இரும்பு. ஒவ்வொன்றிலும் குறைகளை மேலே அனுப்புவோம். மேலே இருப்பவர்களைத் தொட்டவை கரைந்துபோகும். கீழே இருப்பவர்களைத் தொட்டவை மட்டும் கெட்டியாகத் திரும்பி வரும். ஓய்வு பெற எனக்கு இன்னும் சில மாதங்களே இருக்கின்றன. இதை இப்போது கோபமில்லாமல் எழுத முடிகிறது. கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

போன மாதம் கோவில்பட்டியில் ஒரு மருந்துக் கடை வாசலில் அண்ணாச்சியைப் பார்த்தேன். நான் ஒதுங்கிப் போக நினைத்தேன். அதற்குள் அவர் அடையாளம் கண்டுகொண்டார். ஆபீஸ் கட்டடம் இப்போது உரக்கடைக்கு வாடகைக்குப் போயிருக்கிறதாம். அதைச் சொன்னபோது அவர் குரலில் குறை ஏதும் தெரியவில்லை. நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். கையமர்த்தினார்.

"நீ பொய் சொல்லல தாயி. நான் சொன்னதத்தான சொன்ன. அத விடு. ஒண்ணே ஒண்ணு ஒங்கிட்ட கேக்கணும்னு இருந்தேன். அந்த மலையில கெடந்த புள்ளையளுக்குப் பெறவு வேற பெட்டி போய்ச் சேந்துதா? எத்தன நா பச்சத்தண்ணியக் குடிச்சிக்கிட்டு இருந்தாவளோ."

அந்தக் கோப்பின் அத்தனை தாள்களும் எனக்கு ஏறக்குறைய மனப்பாடம். நின்ற இடத்திலேயே மனத்துக்குள் புரட்டிப் பார்த்தேன்.

"தெரியாது அண்ணாச்சி. அத யாரும் எழுதல."

"எழுதல, சரி. நீ கேக்கலயா?"

இல்லை என்று தலையசைத்தேன். கடைக்காரர் அவருடைய மாத்திரைகளை உறையிலிட்டு நீட்டினார். அதை வாங்கிக்கொண்டு, "சரி, வெயில் ஏறுது, வீட்டுக்குப் போ" என்றார்.